அடம் பிடிக்கும் குழந்தைக்கு அடியும் வேண்டாம், கைப்பேசியும் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளின் பிடிவாதத்தைப் பற்றித் தங்கள் நாளிதழில் வாசகர்கள் எழுதிவரும் கடிதங்களைத் தொடர்ந்து படித்துவருகிறேன். அவற்றுள் பல, "சிறு வயதிலேயே இரண்டு அடி போட்டு வளர்த்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது" என்ற முடிவில் வந்து நிற்கின்றன. வேறு சில, வேலைக்குப் போகும் பெற்றோருக்குக் கைப்பேசியைக் கையில் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று வருத்தத்துடன் சொல்கின்றன. தென்காசி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். இந்த இரண்டு வழிகளும் குழந்தையின் அடத்தைத் தணிப்பதில்லை, வளர்க்கவே செய்கின்றன என்று என் பணிக்காலம் முழுவதும் கண்டிருக்கிறேன். செலவில்லாத வேறொரு வழி இருக்கிறது. அதைத் தாய்மாருக்கும் தகப்பன்மாருக்கும் உரிய காலத்தில் சொல்லிக்கொடுக்க நம் மாநிலத்தில் ஆட்களும் இருக்கிறார்கள், இடமும் இருக்கிறது. சொல்லிக்கொடுப்பதுதான் நடக்கவில்லை. அதை வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அடம் என்பது ஏறத்தாழ ஒன்றரை வயதில் தொடங்கி, இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் உச்சத்தை எட்டி, நான்கு வயதை ஒட்டிப் பெரும்பாலும் தானாகவே குறைந்துவிடும் ஒரு வளர்ச்சிக் கட்டமாகும். இந்த வயதில் குழந்தைக்கு நடக்கவும், ஏறவும், எட்டி எடுக்கவும் தெரிந்துவிடுகிறது. தனக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்ற எண்ணமும் உறுதியாக முளைத்துவிடுகிறது. ஆனால் அதை எடுத்துச் சொல்ல மொழி போதுவதில்லை. இரண்டு வயதில் ஏறத்தாழ 50 சொற்கள் தெரிந்து, இரண்டிரண்டு சொற்களைச் சேர்த்துப் பேச வந்துவிட்டாலே மொழி வளர்ச்சி சரியாக இருக்கிறது என்று குழந்தை மருத்துவர்கள் கருதுகிறார்கள். பசியையும் தூக்கத்தையும் பயத்தையும் பொறாமையையும் அந்த ஐம்பது சொற்களுக்குள் ஒரு குழந்தை எப்படி அடக்கும்? மேலும், ஆசையை அடக்கவும், பொறுத்திருக்கவும், வந்த கோபத்தை ஆற்றிக்கொள்ளவும் துணைசெய்யும் மூளையின் முன்பகுதி, மனிதருக்கு இருபது வயதைத் தாண்டிய பிறகும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டு வயதில் அது வேலையைத் தொடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். கல்யாண வீட்டில் பந்தி முடியும் வரை அசையாமல் இருக்கச் சொன்னால், அந்தக் குழந்தை மறுப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அதற்கு இயலவில்லை.

அடம் தொடங்கியதும் முதலில் கோபம் பொங்குகிறது. கத்துவதும், தரையில் விழுந்து புரள்வதும், காலை உதைப்பதும், பொருளை வீசுவதும் அப்போதுதான். சிறிது நேரத்தில் அந்த வேகம் தணிந்து விம்மலாகவும் தேம்பலாகவும் மாறுகிறது. பெரும்பாலான அடங்கள் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகின்றன. நமக்குத்தான் அது ஐம்பது நிமிடம்போலத் தோன்றுகிறது. கோபம் உச்சத்தில் இருக்கும்போது நாம் சொல்லும் நியாயம் எதுவும் குழந்தையின் காதில் ஏறுவதில்லை. "ஏன் அழுகிறாய், சொல், சொன்னால்தான் தருவேன்" என்று கேள்விமேல் கேள்வி கேட்பது கத்தலை நீட்டிக்கும். தேம்பலுக்கு வந்த பிறகு குழந்தை தானே மடியைத் தேடி வரும். அந்த நேரத்தில், "இவ்வளவு நேரம் ஆடிவிட்டு இப்போது மட்டும் ஏன் வருகிறாய்?" என்று தள்ளிவிடும் தாய்மாரை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மனத்தில் வெறுப்பு எதுவும் இல்லை, களைப்புதான். ஆனால் குழந்தை தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளக் கற்கும் இடம் அந்த மடிதான். அதைக் கொடுத்துவிட்டால் அடத்துக்கு இடம் கொடுத்ததாக ஆகாது. கேட்ட பொருளைக் கொடுத்தால்தான் அப்படி ஆகும்.

எங்கள் பகுதியில் பீடி சுற்றும் பெண்கள் அதிகம். காலையில் அடுப்பு வேலை முடிந்ததும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், அன்றைக்கு ஆயிரம் பீடியை முடித்துக் கட்டுக் கட்டி மாலையில் கடையில் கொடுத்தாக வேண்டும். கடைக்குப் போகும் நேரம் நெருங்க நெருங்கத் தாயின் கைவேகம் கூடுகிறது, முகம் இறுகுகிறது. சரியாக அந்த நேரத்தில்தான் குழந்தை தட்டைத் தட்டிவிடும், இலையை அள்ளி வீசும், சேலையைப் பிடித்து இழுத்து அழும். "நான் அவசரமாக இருக்கும் நேரம் பார்த்துத்தான் இவன் அழிச்சாட்டியம் பண்ணுகிறான் டீச்சர்" என்று என்னிடம் வந்து அழுத பெண்கள் உண்டு. நேரம் பார்த்துச் செய்யும் அளவுக்கு அந்த வயதுக் குழந்தைக்குச் சூழ்ச்சி தெரியாது. பகலில் தூங்காமல் இருந்திருக்கும். மதியம் உண்டதற்குப் பிறகு வயிற்றுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. அதோடு, காலையிலிருந்து அம்மாவின் கண் தன் பக்கம் திரும்பவில்லை என்ற ஏக்கமும் சேர்ந்திருக்கும். அந்தத் தாய்மாரிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: கடைக்குப் போகும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே தட்டை இறக்கி வைத்துவிட்டு, புகையிலைத் தூள் போகக் கையைக் கழுவிக்கொண்டு, குழந்தைக்கு ஒரு வாழைப்பழமோ ஒரு தம்ளர் கஞ்சியோ கொடுத்துப் பத்து நிமிடம் மடியில் வைத்துப் பேசிவிட்டுப் பிறகு சுற்றுங்கள் என்பேன். செய்து பார்த்தவர்கள், அந்தப் பத்து நிமிடம் இழப்பாகவே தெரியவில்லை என்றார்கள்.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரமும், மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. இரவு பதினொரு மணி வரை தொலைக்காட்சி ஓடும் வீட்டில், காலை ஏழு மணிக்கு எழுப்பப்படும் குழந்தைக்கு இது கிடைக்க வழியில்லை.

இனி, அடம் தொடங்கிவிட்ட பிறகு செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். திருவிழாக் கடைவீதியில் பலூன் வேண்டும் என்று குழந்தை தரையில் விழுந்து புரள்வதாக வைத்துக்கொள்வோம். முதலில் வண்டி வாகனம் வரும் இடத்திலிருந்து தூக்கி ஓரமாகக் கொண்டுவர வேண்டும். பிறகு நின்றுகொண்டு குனிந்து மிரட்டாமல், குழந்தையின் உயரத்துக்கு நாமும் உட்கார்ந்துகொள்ள வேண்டும். குரலைத் தாழ்த்தி, "பலூன் வேண்டும், அம்மா வாங்கித் தரவில்லை என்று கோபம், இல்லையா?" என்று ஒரு முறை சொன்னால் போதும். தன் கோபத்துக்கு ஒரு பெயர் உண்டு என்பதைக் குழந்தை அப்படித்தான் கற்றுக்கொள்கிறது. "இன்றைக்குப் பலூன் வாங்கவில்லை" என்பதை அதே குரலில் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு மேல் பேரமும் வேண்டாம், விளக்கவுரையும் வேண்டாம். பக்கத்தில் இருந்தால் போதும். தொட்டால் அமைதியாகும் குழந்தையை அணைத்துக்கொள்ளலாம். தொட்டால் இன்னும் திமிறும் குழந்தையைக் கையெட்டும் தூரத்தில் விட்டுக் காத்திருக்கலாம். அடிக்கவோ கடிக்கவோ வந்தால், வலிக்காமல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "அடிக்க விடமாட்டேன்" என்று மட்டும் சொல்ல வேண்டும். எந்த நிலையிலும் குழந்தையின் தோளைப் பிடித்து உலுக்கக் கூடாது. பிஞ்சு வயதில் பலமாக உலுக்குவதால் மூளைக்குள் இரத்தக்கசிவு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதைப் பல பெற்றோர் அறிந்திருப்பதில்லை. நமக்கே கை ஓங்கிவிடும் என்ற நிலை வந்தால், குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் உட்காரவைத்துவிட்டு, அருகிலிருக்கும் நம்பிக்கையான ஒருவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, நாம் சற்று விலகி மூச்சை ஆற்றிக்கொண்டு வருவதே நல்லது.

இங்கே வேடிக்கை பார்ப்பவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். பேருந்திலோ கோயிலிலோ ஒரு குழந்தை வீரிட்டு அழுதால், அந்தத் தாயைச் சுற்றிப் பத்துப் பேர் கூடிவிடுகிறார்கள். "பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை" என்று ஒருவர் முணுமுணுக்கிறார்; "கேட்டதை வாங்கிக் கொடுத்துத் தொலையேன்" என்கிறார் இன்னொருவர்; மிட்டாயை நீட்டுகிறார் மூன்றாமவர். வீட்டுக்குள் பொறுமையாக இருக்கும் தாய்மாரும் வெளியிடத்தில் கையை ஓங்குவதற்குப் பெரும்பாலும் காரணம், குழந்தையின் அழுகையைவிட இந்தக் கண்கள்தான். உதவ விரும்புகிறவர்கள் அந்தத் தாயின் பையை வாங்கிக்கொள்ளலாம், உட்கார இடம் கொடுக்கலாம். அல்லது பார்வையைத் திருப்பிக்கொள்ளலாம்.

அடிக்க வேண்டாம் என்று சொன்னவுடன், கேட்டதையெல்லாம் கொடுத்துச் செல்லம் கொஞ்சச் சொல்வதாக எடுத்துக்கொள்கிறார்கள். கண்டிப்பு கட்டாயம் வேண்டும். ஆனால் அந்த வயதுக் குழந்தைக்குக் கண்டிப்பு என்பது நாளுக்கு நாள் மாறாத சில விதிகள். அவை எண்ணிக்கையில் குறைவாக இருக்க வேண்டும்: தனக்கு ஆபத்தானதைச் செய்யக் கூடாது, பிறரை நோகடிக்கக் கூடாது, பொருளை உடைக்கக் கூடாது. எடுத்ததற்கெல்லாம் "வேண்டாம், தொடாதே, போகாதே" என்று நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தால், அடுப்பருகே போகும்போது நாம் சொல்லும் "வேண்டாம்" என்பதற்கு மதிப்பே இல்லாமல் போய்விடும். செய்யக் கூடாததைச் சொல்வதைவிடச் செய்ய வேண்டியதைச் சொன்னால் குழந்தைக்கு எளிதில் புரிகிறது. "ஓடாதே" என்று கத்துவதற்குப் பதிலாக "என் கையைப் பிடித்துக்கொண்டு நட" என்று சொல்லிப் பாருங்கள். விளையாட்டிலிருந்து திடீரென்று தூக்கிக்கொண்டு போனால் எந்தக் குழந்தையும் அழத்தான் செய்யும். "இன்னும் இரண்டு முறை சறுக்கு விளையாடு, பிறகு வீட்டுக்குப் போகலாம்" என்று முன்கூட்டியே சொல்லி, இரண்டாவது முறை முடிந்ததும் சொன்னபடியே கிளம்ப வேண்டும். சட்டை போட மறுக்கும் குழந்தையிடம் சிவப்புச் சட்டையா, நீலச் சட்டையா என்று கேட்டால், சட்டை போட வேண்டும் என்ற நம் முடிவும் நிற்கிறது, தானே தேர்ந்தெடுத்தோம் என்ற நிறைவும் குழந்தைக்குக் கிடைக்கிறது. நல்லபடியாக நடந்துகொண்ட வேளையில் அதைக் கவனித்துப் பெயர் சொல்லிப் பாராட்டுவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அமைதியாக விளையாடும்போது கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டு, கத்தினால் மட்டும் ஓடிவருகிற வீட்டில் குழந்தை எதைக் கற்றுக்கொள்ளும் என்று சொல்லவேண்டியதில்லை.

கூட்டுக் குடும்பங்களில் இதைக் கடைப்பிடிப்பதுதான் மிகக் கடினம். அம்மா மிட்டாய் கிடையாது என்கிறாள், ஐந்து நிமிடம் அழுததும் ஆச்சி முந்தானையிலிருந்து காசை அவிழ்த்துக் கடைக்கு அனுப்புகிறாள், அப்பா இரவில் வந்து, "அழவைக்காமல் கொடுத்துவிட்டால் என்ன?" என்று தாயையே கடிந்துகொள்கிறார். ஒரு நாள் மறுத்து மறுநாள் கொடுப்பது, எப்போதும் கொடுப்பதைவிடக் கேடானது. எவ்வளவு நேரம் அழுதால் கிடைக்கும் என்பதைக் குழந்தை அதிலிருந்துதான் அளந்துகொள்கிறது. மூன்று நிமிடத்தில் கிடைக்காததை ஏழு நிமிடத்தில் கொடுத்துவிட்டால், அடுத்த முறை ஏழு நிமிடத்துக்குக் குறையாமல் அழும். ஆச்சி, தாத்தா, அத்தை, சித்தப்பா எல்லாரும் உட்கார்ந்து, இந்த வீட்டில் குழந்தைக்கு எதெது கிடையாது என்று பேசி முடிவுசெய்துகொள்வது அவசியம். மருமகள் சொன்ன சொல்லுக்கு மாமியார் துணைநிற்பது குடும்பத்தின் ஒற்றுமைக்கு மட்டுமல்லாமல் குழந்தையின் மனவளர்ச்சிக்கும் நல்லது.

பயமுறுத்துவதைப் பற்றி எனக்குச் சொந்த வருத்தமே உண்டு. பூச்சாண்டி வருவான், போலீஸ் பிடித்துக்கொண்டு போகும், சாமி கண்ணைக் குத்தும் என்பவற்றோடு, "அழுதால் நர்சம்மா ஊசி போட்டுவிடுவார்கள்", "டீச்சரிடம் சொல்லி அடிக்கச் சொல்வேன்" என்பதும் சேர்ந்துகொள்கிறது. அப்படிக் கேட்டு வளர்ந்த குழந்தை, முதல்நாள் அங்கன்வாடி வாசலில் என்னைப் பார்த்ததும் தாயின் கழுத்தை இறுக்கிக்கொண்டு அலறும். எங்கள் ஆயாம்மா மடியில் வைத்துக் கதை சொல்லிச் சுண்டல் ஊட்டி, அந்தப் பயத்தைப் போக்கவே பல நாட்கள் பிடிக்கும். ஆபத்தில் உதவிக்குப் போக வேண்டிய மனிதர்களையே நாம் பேயாக்கிவிடுகிறோம்.

அடிப்பதைப் பற்றிய வாதத்துக்கு வருகிறேன். "அடியாத மாடு படியாது" என்ற பழமொழியை ஒரு வாசகர் தம் கடிதத்தில் எடுத்துக்காட்டியிருந்தார். அடி வாங்கிய குழந்தை அந்தக் கணத்தில் அடங்குவது உண்மைதான். ஆனால் அது ஏன் அடங்கியது? செய்தது தவறு என்று விளங்கியதால் அன்று. தான் நம்பியிருக்கும் ஆளே தன்னை வலிக்கச்செய்ததால் ஏற்பட்ட அச்சத்தால். ஆகவேதான் அதே செயலை அடிப்பவர் இல்லாத இடத்தில் திரும்பச் செய்கிறது; தன்னைவிடச் சிறிய தம்பியிடம் கோபம் வந்தால் தானும் கையை ஓங்குகிறது. அங்கன்வாடியில் மற்றக் குழந்தைகளை அடிக்கும் ஒரு குழந்தையைக் கண்டால், அதன் வீட்டுக்குப் போய்ப் பேசிப் பார்க்கத் தோன்றும். போன இடங்களில் பெரும்பாலும் அடிதான் பதிலாக இருந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2018-இல் வெளியிட்ட அறிக்கையில், அடிப்பதும் கத்தி அவமானப்படுத்துவதும் நீண்ட காலத்தில் பயனற்றவை, தீங்கு விளைவிப்பவை என்று கூறி, அவற்றைத் தவிர்க்கப் பெற்றோருக்கு அறிவுறுத்துமாறு மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. "நாங்களும் அடி வாங்கித்தான் வளர்ந்தோம், கெட்டா போய்விட்டோம்?" என்று கேட்கிறார்கள். அவர்கள் நன்றாக வளர்ந்ததற்கு, அடித்த அதே பெற்றோர் வயலிலும் வெயிலிலும் பாடுபட்டு அவர்களுக்குச் சோறிட்டதும், படிக்கவைத்ததும், காய்ச்சலில் கண்விழித்ததும் காரணம். அந்தப் பெருமையைப் பிரம்புக்குக் கொடுக்க வேண்டாம்.

சட்டமும் இந்தத் திசையில்தான் நகர்ந்து வந்திருக்கிறது. மாணவர்களுக்கு உடல்தண்டனை அளிக்க இடம்கொடுத்த கல்வி விதியைத் தமிழ்நாடு அரசு 2003-இல் நீக்கியது. 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, பள்ளிக் குழந்தைகளை உடலாலும் மனத்தாலும் துன்புறுத்துவதைத் தடை செய்கிறது. குழந்தையைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் ஒருவர் அதைக் கொடுமைப்படுத்தினால், 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். பிடிவாதம் பிடித்ததற்காகக் கரண்டியைக் காய்ச்சிச் சூடு வைப்பதும், கண்ணில் மிளகாய்ப்பொடி தூவுவதும் 'கண்டிப்பு' ஆகா, குற்றமே ஆகும். இருந்தாலும், வீட்டுக்குள் பெற்றோர் கொடுக்கும் சாதாரண அடியை வெளிப்படையாகத் தடை செய்யும் சட்டம் நம் நாட்டில் இல்லை. சுவீடன் 1979-இலேயே அப்படியொரு சட்டத்தை உலகில் முதன்முதலாக இயற்றியது. நம் அண்டை நாடான நேபாளம் 2018-இல் இயற்றியது. இதனால் ஆயிரம் பீடியை முடிக்கப் போராடும் ஒரு தாயை ஓர் அறைக்காக நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சுவீடனில் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, வீடுதோறும் விளக்கக் கையேடு கொடுத்தார்கள், பால் அட்டைப்பெட்டியிலும் செய்தியை அச்சிட்டார்கள். தண்டிப்பதைவிடச் சொல்லிக்கொடுப்பதையே அவர்கள் முதன்மையாகக் கொண்டிருந்தார்கள். நமக்கும் அதுதான் வேண்டும்.

கைப்பேசி அடிபோல வலிக்காது என்பதால் அதைக் கொடுப்பதில் யாருக்கும் தயக்கமில்லை. ஒன்றரை வயதுக் குழந்தையின் வாயில் சோறு இறங்க வேண்டுமானால் எதிரில் படம் ஓட வேண்டும் என்ற நிலை இப்போது கிராமங்களிலும் வந்துவிட்டது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே கூடாது, இரண்டு முதல் ஐந்து வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, அதுவும் பெரியவர் உடனிருந்து பார்க்க வேண்டும் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் குழுமம் அறிவுறுத்தியுள்ளது. அழும்போதெல்லாம் திரையைக் கொடுத்து வாயடைத்தால், அழுகையிலிருந்து தானே மீண்டுவரும் பயிற்சி குழந்தைக்குக் கிடைக்காமலே போகிறது. பேச்சைக் கேட்டுப் பதில் பேசிப் பழகும் நேரமும் குறைகிறது. பேச்சு தாமதமானால் அடம் கூடும், அடம் கூடினால் கைப்பேசி கூடும். பிறகு ஒருநாள் அதைப் பிடுங்கும்போது வரும் அடமோ பழைய அடத்தைவிடப் பெரிதாக இருக்கும்.

பெற்றோர் அதிகம் அறியாத ஒரு செய்தியைச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். அடம் என்று நாம் சொல்வதற்குப் பின்னால் சில நேரங்களில் இரத்தச்சோகை இருக்கிறது. 2019-21 காலத்தில் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ 57 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை இருந்தது. இரும்புச்சத்துக் குறைந்த குழந்தை எளிதில் சோர்ந்துபோகும், எரிச்சல்படும், சிறிய ஏமாற்றத்தையும் தாங்காது, மண்ணையும் சாம்பலையும் தின்னும். சில குழந்தைகள் அழத் தொடங்கி, மூச்சை வெளியே விட்டபடியே நிறுத்தி, உதடு நீலம்பாரித்து ஒரு கணம் நினைவிழந்துவிடுவார்கள். பார்ப்பவருக்கு உயிரே போய்விடும். ஆனால் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் குழந்தை தானே மூச்சு விட்டுத் தெளிந்துவிடும். இது வேண்டுமென்று செய்வதும் அன்று, காத்து கருப்பும் அன்று. இதற்கும் இரும்புச்சத்துக் குறைவுக்கும் தொடர்பு உண்டு என்றும், இரும்புச்சத்து மருந்து கொடுத்தால் பல குழந்தைகளுக்கு இது குறைகிறது என்றும் மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். முதல்முறை இப்படி வந்தால் கட்டாயம் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வாரம் இரு முறை ஒரு மில்லி வீதம் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலச் சொட்டுமருந்து அரசுத் திட்டத்தில் இலவசமாகவே வழங்கப்படுகிறது. "மலம் கறுப்பாகப் போகிறது, பல்லில் கறை படிகிறது" என்று பல வீடுகளில் அந்தக் குப்பி அலமாரியிலேயே தூங்குகிறது. மலம் கறுப்பது அந்த மருந்தின் இயல்பு, தீங்கில்லை. கொடுத்த பிறகு வாயைக் கழுவிவிட்டால் கறையும் குறையும். முருங்கைக்கீரையும் கேழ்வரகும் முட்டையும் எலுமிச்சை பிழிந்த பருப்புச் சோறும் உடன் சேர்ந்தால் இன்னும் நல்லது.

நான்கு வயதைத் தாண்டியும் அடம் குறையாமல் கூடிக்கொண்டே போனாலும், நாளுக்குப் பலமுறை நீண்ட நேரம் நீடித்தாலும், குழந்தை தன் தலையைச் சுவரில் மோதித் தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டாலும், "போகப் போகச் சரியாகும்" என்று விட்டுவிடக் கூடாது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்காத, கண்ணைப் பார்க்காத, இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத குழந்தைக்குச் செவித்திறனையும் வளர்ச்சியையும் பரிசோதிக்க வேண்டும். காது கேட்காத குழந்தையைச் சொல்பேச்சுக் கேட்காத குழந்தை என்று நினைத்து அடித்துக்கொண்டிருந்த வீடுகள் உண்டு. இத்தகைய குழந்தைகளுக்காக மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையங்கள் அரசு மருத்துவமனைகளில் இயங்குகின்றன. அங்கே சிகிச்சைக்கும் பயிற்சிக்கும் கட்டணம் இல்லை.

அரசுக்கு என் வேண்டுகோள் இதுதான். குழந்தை பிறந்ததிலிருந்து ஒன்பது மாதம் வரை தாய் தடுப்பூசிக்காக அடிக்கடி வருகிறாள். 16 முதல் 24 மாதத்துக்குள் முத்தடுப்பு ஊசியின் ஊக்கத் தவணையும், தட்டம்மை-ரூபெல்லாவின் இரண்டாம் தவணையும் போடப்படுகின்றன. அதற்குப் பிறகு அடுத்த தடுப்பூசி ஐந்து வயதில்தான். ஆக, அடம் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் தடுப்பூசியின் பெயரால் தாயைப் பார்க்கும் வாய்ப்பே சுகாதாரத் துறைக்கு இல்லாமல் போகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் வைட்டமின் ஏ மருந்து மட்டுமே மிஞ்சுகிறது. புதன்கிழமைகளில் நடக்கும் தடுப்பூசி முகாமில், ஒன்றரை வயது ஊசிக்கு வரும் தாயிடம், "இனிமேல் குழந்தை அடம் பிடிக்கத் தொடங்கும், இது இயல்பு, அப்போது இப்படிச் செய்யுங்கள்" என்று கிராம சுகாதாரச் செவிலியர் பத்து நிமிடம் பேசினால், அடி விழுவதற்கு முன்பே அறிவுரை போய்ச் சேரும். தாய் சேய் நலப் புத்தகத்தில் தடுப்பூசி அட்டவணைக்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

அங்கன்வாடிகளைப் பொறுத்தவரை, 1975 அக்டோபர் 2-இல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் இன்று தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட மையங்களாகப் பரந்திருக்கிறது. எடை பார்க்கவும், உயரம் அளக்கவும், அவற்றைக் கைப்பேசிச் செயலியில் ஏற்றவும் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்த அரசு, குழந்தையின் கோபத்தைக் கையாளவும் அதைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லவும் முறையான பயிற்சி அளிக்க வேண்டும். மாதம் ஒருமுறை பெற்றோர் கூட்டம் நடத்தி, அதைப் பீடிக்கடைக்குப் போய்வந்த பிறகு பெண்கள் ஓய்வாக இருக்கும் மாலை நேரத்தில் வைத்தால் வருகிறவர்கள் கூடுவார்கள். தகப்பன்மாரும் ஆச்சிமாரும் வந்தாக வேண்டும்; தாயை மட்டும் உட்காரவைத்துப் பேசி அனுப்பினால் அவள் வீட்டுக்குப் போய்த் தனியாகத்தான் போராடுவாள். காலிப் பணியிடங்களையும் நிரப்ப வேண்டும். ஒரே பணியாளர் இரண்டு மையங்களைப் பார்த்துக்கொள்ளும் நிலையில், அழும் குழந்தையின் உயரத்துக்கு உட்கார்ந்து காத்திருக்க அவருக்கு ஏது நேரம்?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
தென்காசி மாவட்டம்.